பத்தொன்பது வால்கள்

முதல் நாள் வகுப்பில் நான் ஒரு பொய் சொன்னேன். சொன்னபோது அது பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அறுவை சிகிச்சை அரங்கில் வேலை செய்வதற்கான பயிற்சி அது. பன்னிரண்டு நர்ஸுகள் சேர்ந்திருந்தோம். எட்டு வருடம் வார்டில் இருந்துவிட்டு வந்த நான்தான் வயதில் மூத்தவள். நேரில் என்னை அக்கா என்றார்கள். நான் அந்தப் பக்கம் போனதும் சுவர் என்றார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. பேசாமல் இருப்பது எனக்குப் பிடிக்கும். "வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று தங்கை கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டாள்.

எங்கள் டீச்சருக்கு என்னைவிட ஆறு வயது குறைவு. அன்று அவர் ஒரு தட்டில் கத்தரிகளையும் இடுக்கிகளையும் பரப்பி, திரைக்குப் பின்னால் வைத்தார். ஒவ்வொருவராகப் போய் எண்ணிவிட்டு வந்து, எல்லோர் முன்பும் எண்ணைச் சொல்ல வேண்டும். முதலில் போனவள் வார்டில் கெட்டிக்காரி என்று பேர் எடுத்தவள். "முப்பத்தொண்ணு" என்றாள். அடுத்தவளும் முப்பத்தொன்று என்றாள். எல்லோருமே முப்பத்தொன்று. நான் கடைசியாகப் போனேன். இரண்டு தடவை எண்ணினேன். இரண்டு தடவையும் இருபத்தொன்பது. என் கண்ணில்தான் கோளாறு என்று முடிவு செய்துகொண்டு, வெளியே வந்து முப்பத்தொன்று என்றேன்.

டீச்சர் தட்டை எடுத்து வந்து, ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தார். இருபத்தொன்பது.

"பன்னெண்டு பேருக்கும் ஒரே தப்பு வராது," என்றார். "அப்போ உங்கள்ல எண்ணினது எத்தன பேரு? கேட்டத திருப்பிச் சொன்னது எத்தன பேரு?"

எல்லோரும் மேஜைமேல் இருந்த கத்தரிகளையே பார்த்தோம்.

"கை தூக்க வேணாம். உங்களுக்கே தெரிஞ்சா போதும்."

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவர் திட்டவில்லை. அன்று இரவு, இத்தனை வருடங்களில் இன்னும் எதற்கெல்லாம் முப்பத்தொன்று சொல்லியிருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பட்டியல் நீண்டுகொண்டே போனது.

மறுநாளிலிருந்து ஒரு முறை வந்தது. எண்ணியவுடன் சீட்டில் எழுதி மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு சொல்ல வேண்டும். அனுபவம் குறைந்தவர் முதலில், கூடியவர் கடைசியில். எல்லோருக்கும் பின்னால் டீச்சர். "நடுநடுவுல நான் வேணும்னே தப்பான எண் சொல்லுவேன். எப்போன்னு சொல்ல மாட்டேன்," என்றும் எச்சரித்தார். யார் எதைச் சொன்னாலும், சரியோ தப்போ, ஒரே கேள்வி: "எப்படித் தெரியும்?"

கேட்டுவிட்டுக் காத்திருப்பார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்தக் காத்திருப்பினால்தான். மற்றவர்களும் காத்திருப்பார்கள், ஆனால் முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். இவர் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், ஜன்னல் பக்கம் பார்ப்பார். பதில் தேடுவதற்கு ஒரு அறையைத் திறந்துவிட்டு, தான் வெளியே நிற்பது போல.

எங்களில் ஒருத்திக்கு எதிரொலி என்று பேர். கடைசியாக யார் என்ன சொன்னார்களோ அதையே சொல்வாள். டீ வேண்டுமா, காபியா என்று கேட்டால்கூட "அக்கா என்ன சொன்னாங்க?" என்பாள். மூன்றாவது வாரம் ஒரு நாள் டீச்சர் முறையை மாற்றி, தட்டில் இருந்த ஊசிகள் "எட்டு" என்று முதலிலேயே பலகையில் எழுதினார். ஐந்தாறு பேர் வரிசையாக எட்டு என்றார்கள். எதிரொலி சீட்டைப் பிரித்தாள்.

"ஒம்போது டீச்சர்."

"எப்படித் தெரியும்?"

எதிரொலி கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"ஒரு ஊசி தட்டோட விளிம்புக்கு அடியில ஒட்டிட்டிருக்கு. நான் குனிஞ்சு பாத்தேன்."

வகுப்பே கை தட்டியது. டீச்சர் தட்டவில்லை, தட்டைத் தூக்கி, ஊசியை எடுத்துக் காட்டி, "சரி, அடுத்து," என்றார். அதன்பிறகு எதிரொலியோடு மல்லுக்கட்ட முடியவில்லை. கேன்டீன்காரர் வடை சூடாக இருக்கிறது என்றால் "எப்படித் தெரியும்?" என்று கேட்பாள். "கைய வெச்சுப் பாரும்மா தாயே," என்பார் அவர்.

நான் மட்டும் அப்படியே இருந்தேன். சீட்டில் சரியாக எழுதுவேன். சொல்லும்போது குரல் உள்ளே போய்விடும். ஒரு நாள் சாமான் அறையில் நான் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்து நின்றார்.

"உங்க சீட்டு ஒரு நாளும் தப்பினதில்ல," என்றார். "வாய்க்கு வரும்போதுதான் மெலிஞ்சு போகுது."

"எனக்குப் பேச வராது டீச்சர்."

"பேச வேணாம். உங்க அமைதிய நான் ஏன் கெடுக்கணும்? எனக்கு வேண்டியது ஒரே ஒரு எண். அத மட்டும் முழுசா சொல்லுங்க. மிச்ச நேரமெல்லாம் நீங்க சும்மா இருக்கலாம்."

என்னை மாற்றப் பார்க்காமல் என்னிடம் ஒன்றைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

பயிற்சியின் கடைசி மாதம் உண்மையான அரங்கில் வேலை. ஒரு காலை, நடுத்தர வயதுப் பெண் ஒருவருக்கு வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை. டாக்டருக்குக் கருவிகளை எடுத்துக் கொடுப்பவர் டீச்சர். வெளிவட்டத்தில் நின்று எண்ணிக்கை பார்ப்பவள் நான். உள்ளே கொண்டு போகும்போது அந்தப் பெண்ணின் மூக்குக்கண்ணாடியை வாங்கி அவள் கணவரிடம் கொடுத்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவரே மாட்டிக்கொண்டு நின்றார்.

ரத்தத்தை ஒற்றி எடுக்கும் தடித்த துணிகளை மாப் என்போம். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு நாடா தைத்திருக்கும், அதுதான் வால். வயிற்றுக்குள் எத்தனை போனதோ அத்தனையும் வெளியே வந்த பிறகுதான் தைத்து மூட வேண்டும். ஒன்று உள்ளே தங்கினால் ஆளையே கொன்றுவிடும். அன்று இருபது மாப் பிரித்து, இருபதையும் பயன்படுத்தியிருந்தோம். நனைந்தவற்றை உதவியாளர் அண்ணன் ஒரு கம்பியில், வரிசைக்கு ஐந்தாகக் கொக்கிகளில் மாட்டிக்கொண்டே வந்தார்.

மூன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. டாக்டர் கழுத்தைச் சொடுக்கியபடி, "மூடலாமா?" என்றார்.

டீச்சர் தன் இடத்திலிருந்தே கம்பியைப் பார்த்தார். நான் கம்பியருகே போய் எண்ணினேன். வாலைப் பிடித்துப் பிடித்து எண்ணுவது என் வழக்கம். மறுபடி எண்ணினேன். கையிலிருந்த தாளில் எழுதினேன்.

"எனக்கு இருபது," என்றார் டீச்சர். "உங்களுக்கு?"

தாளில் பத்தொன்பது என்று இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இது சோதனையா? இல்லை. ஒரு உயிரை மேஜைமேல் வைத்துக்கொண்டு அவர் விளையாட மாட்டார். அப்படியென்றால் அவர் உண்மையிலேயே இருபது எண்ணியிருக்கிறார். அவர் எண்ணித் தப்பியதை நான் பார்த்ததே இல்லை. நான் எழுதிய எண் என் கண் முன்னாலேயே மங்கிக்கொண்டு போனது. இருபது என்று ஒரு சொல் சொன்னால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

"என்னம்மா, தூங்கிட்டியா?" என்றார் டாக்டர்.

டீச்சரின் முகமூடிக்கு மேலே தெரிந்த கண்கள் என்னை அவசரப்படுத்தவில்லை.

"பத்தொம்போது," என்றேன். குரல் எனக்கே அந்நியமாக, உரக்கக் கேட்டது.

"எப்படித் தெரியும்?"

"வால எண்ணினேன். பத்தொம்போது வால்தான் இருக்கு. மூணாவது வரிசையில ஒரு மாப் நீளமா ரெண்டு கொக்கியில தொங்குது. தூரத்துலேர்ந்து பாத்தா ரெண்டு மாதிரி தெரியும்."

"சிஸ்டர், மூணரை மணி நேரமா நான் உள்ளயேதான் பாத்துட்டிருக்கேன். உள்ள எதுவும் இல்ல," என்றார் டாக்டர், டீச்சரைப் பார்த்து. "உங்க கணக்கு சரியாத்தான் இருக்கும். புதுசா வந்தவங்க பேச்சக் கேட்டு..."

"ரெண்டு எண்ணும் ஒத்துப் போகல டாக்டர். மூட முடியாது."

அவ்வளவுதான் சொன்னார். ஊசியைக் கொடுக்காமல் கையை மேஜைமேல் வைத்துக்கொண்டார். உதவியாளர் அண்ணன் அந்தக் கொக்கிகளைக் கழற்றினார். ஒரே மாப். டாக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி கையை உள்ளே விட்டார். இரண்டு நிமிடம் இருக்கலாம். எனக்கு அது ஒரு மதியம் போல நீண்டது. கல்லீரலுக்குப் பின்னால், மேலே, இருபதாவது மாப் நன்றாக ஒட்டிக்கொண்டு இருந்தது. ரத்தத்தில் ஊறி உறுப்பின் நிறத்திலேயே இருந்ததை வாலைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"இருபது," என்றேன் நான்.

"இருபது," என்றார் டீச்சர். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "என் எண்ணிக்கை தப்பு. அவங்களோடது சரி," என்றார். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

எல்லாம் முடிந்த பிறகு பக்கத்து அறையில் உட்கார்ந்து அறிக்கைப் படிவத்தை நிரப்பினேன். 'முதல் எண்ணிக்கை' என்ற இடத்தில் பத்தொன்பது என்று எழுதி நிறுத்திக்கொண்டேன். டீச்சர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"நான் சொன்னது எங்க?"

"மாப்தான் கிடைச்சிடுச்சே டீச்சர்."

"நான் சொன்னது எங்கன்னு கேட்டேன்."

அவர் பெயருக்கு நேரே இருபது என்று எழுதினேன். என் பெயருக்கு நேரே எதையும் எழுதுவதைவிட அது கஷ்டமாக இருந்தது. அடுத்த கட்டம், காரணம். மாப் இரண்டு கொக்கிகளில் தொங்கியது என்று எழுதினேன். அதோடு முடித்திருக்கலாம். அவர் எதிரே உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். நான் சொல்லலாமா என்று யோசித்தேன். வெகுநேரம் யோசித்தேன். அவர் எழுந்து போகவில்லை.

"இன்னொரு காரணமும் இருக்கு டீச்சர்."

"என்ன?"

"நீங்க உங்க எண்ண முதல்ல சொல்லிட்டீங்க."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அதனால என்ன ஆச்சு? எப்படித் தெரியும்?"

"அதக் கேட்டதும் நான் எழுதி வெச்சதே எனக்குப் பொய் மாதிரி தோண ஆரம்பிச்சுது. கொஞ்சம் விட்டிருந்தா இருபதுன்னு சொல்லியிருப்பேன்."

இந்த முறை காத்திருந்தது நான். அவர் என்னைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது. அசதி, வெட்கம், இரண்டும் இருந்திருக்கலாம். பிறகு படிவத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"சொன்ன மாதிரியே எழுதுங்க. ஒரு வார்த்தையும் குறைக்காதீங்க."

எழுதினேன். அவர் இரண்டு முறை படித்தார். எதையும் மாற்றவில்லை. கையெழுத்துப் போட்டு, தலைமை நர்ஸின் அறைக்குத் தானே எடுத்துக்கொண்டு போனார்.