நூற்றுப் பதினேழு முட்டை

எழுபதாம் நாள் காலையில் வேலியைப் பிரித்தேன். அறுபது நாளில் ஆமைக் குஞ்சுகள் மேலே வந்திருக்க வேண்டும். அறுபத்தைந்து வரைக்கும் மழையைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். எழுபது ஆகிவிட்டால் குழியைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் கடற்கரைக் காவலர்களின் விதி. இசபெல் தீவின் இந்தப் பக்கத்தில் அந்த விதியை எல்லோர் காதிலும் ஓதியவளே நான்தான்.

வேலியைக் கட்டியவன் என் தம்பி ஹட்சன். உடும்பும் நாயும் நுழையாதபடி மூங்கில் குச்சிகளை நெருக்கி நட்டு, கொடியால் இறுக்கிக் கட்டியிருந்தான். பத்து வருஷமாக அவனுக்கும் எனக்கும் முதுகில் ஆமைப் படம் போட்ட அதே காவலர் சட்டை. அன்றைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு, பாக்கு மென்றபடி என் பக்கத்தில் நின்றான்.

"விடுக்கா. எல்லாம் கெட்டுப் போயிருக்கும். நாத்தத்துல போய்க் கைய விட்டுக்கிட்டு..."

"பத்து வருஷமா உன்னப் பக்கத்துல வச்சிருக்கேன். நாத்தம் எனக்குப் புதுசாடா?"

வழக்கமாகச் சிரிப்பான். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அது நொண்டியின் குழி. நொண்டி என்று நான் பெயர் வைத்த பேராமைக்குப் பின்பக்க இடது துடுப்பு கிடையாது. சுறா கடித்திருக்கும். முட்டையிட வந்த ஆமை இரண்டு பின்துடுப்பாலும் மாற்றி மாற்றி மண்ணை அள்ளி, ஒரு கை ஆழத்துக்குக் குடம் போலக் குழி எடுக்க வேண்டும். இவள் வலது பக்கம் ஒரு பிடி மண் அள்ளுவாள், இடது பக்கம் மொட்டைத் தசை சும்மா ஆடும், அள்ளிய மண் திரும்ப உள்ளே சரியும். நான் முதன்முதல் பார்த்தபோது மூன்று மணி நேரம் இப்படிப் போராடிவிட்டு, மணல் மேலேயே முட்டைகளைக் கொட்டிவிட்டுப் போனாள். விடிந்ததும் உடும்புகளுக்குக் கல்யாண விருந்து.

அடுத்த முறை எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பின்னால் குப்புறப் படுத்து என் கையாலேயே தோண்டிக் கொடுத்தேன். முட்டையிட்டாள். அதோடு பழகிவிட்டது. வருவாள், பேருக்கு இரண்டு தடவை சுரண்டுவாள், நிறுத்திவிடுவாள். வேலைக்காரி வரட்டும் என்று காத்துக் கிடப்பாள் மகாராணி. நானும் அவள் பரம்பரையையே திட்டிக்கொண்டு தோண்டுவேன். அவளைப்போல ஒரு ஜீவன் என்னை நம்பியதில்லை. எனக்கும் அவள்மேல் அவ்வளவு பிரியம்.

நான் அப்படிப் படுத்துக் கிடந்ததை ஆராய்ச்சிக்கு வந்த ஒருவர் படம் எடுத்துவிட்டார். அந்தப் படத்துக்காக எனக்குத் தலைநகர் ஹோனியாராவில் விருது என்றார்கள். ஆமை பதினான்கு நாளுக்கு ஒருமுறை கரையேறும். கணக்குப் பார்த்தால் விருது கொடுக்கும் அதே புதன்கிழமை நொண்டியின் முறை. போகவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

"போயிட்டு வாக்கா. எனக்கு என்ன கையில்லையா? நான் தோண்ட மாட்டேனா?" என்று கப்பலேற்றி விட்டவன் ஹட்சன்தான். காலண்டரில் புதன்கிழமையைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனேன்.

சனிக்கிழமை திரும்பினேன். ஊரே துறையில் நின்றது. கழுத்தில் பூமாலை, பாட்டு, தேவாலயத்துக்கு முன்னால் பெரிய விருந்து. கூட வந்த ஆமைக் காவல் ஆபீஸ்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். சூடான கற்களில் வெந்த பன்றி, சேம்பு, தேங்காய்ப்பால் விட்ட கறி. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு முதல் காரியமாக நொண்டியின் முட்டைக் கணக்குப் படிவத்தைத்தான் கேட்டேன். ஹட்சன் அழகாக நிரப்பி வைத்திருந்தான். "ஒரு கை ஆழம் தோண்டினேன். நூற்றுப் பதினேழு முட்டை. விடியுமுன் கடலுக்குத் திரும்பியது." படித்ததும் அவன் தலையைப் பிடித்து உச்சி முகர்ந்தேன்.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் இரண்டு பேரும் இந்த வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாக்குப் போடுவோம். போகிற வருகிறவர்கள் எல்லாம், "என்ன லோயிஸ், பேரப்புள்ளைங்க வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

மணலில் கையை விட்டேன். நாற்றம் இல்லை. திறந்து மூடிய மண் எழுபது நாள் ஆனாலும் கொஞ்சம் பொலபொலவென்றுதான் இருக்கும், இது இறுகிக் கிடந்தது. ஒரு சாண் போனதும் கடற்கரைக் கொடியின் வேர் தட்டுப்பட்டது. என் கட்டைவிரலைவிடத் தடித்த பழைய வேர், குறுக்கே அறுபடாமல் ஓடியது. எழுபது நாள் என்ன, ஏழு வருஷமாக அந்த இடத்தை யாரும் தோண்டியதில்லை.

"குச்சிய மாத்தி நட்டுட்டேன்போல" என்றான் ஹட்சன்.

"நிமிந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் மண்ணையே பார்த்தான்.

"நொண்டி வந்தாளா?"

"வந்துச்சு."

"நீ தோண்டுனியா?"

"அக்கா..."

"தோண்டுனியாடா?"

"மாமா சொல்லிட்டாரு. விருது வாங்கிட்டு வர்றவளுக்கு வெறும் பன்னியப் போட்டா நாலு ஊருக்காரன் சிரிப்பான்னாரு. பெரிய விருந்துன்னா ஆமை இல்லாம எப்படின்னாரு. உனக்காகத்தான்கா..."

அவன் பேசிக்கொண்டே போனான். நானும் நிறுத்தவில்லை.

"நாலு பேரு போனோம். பொரட்டிப் போட்டுத் தூக்கணும்னு. அது ஓடவே இல்லக்கா. ரெண்டு தடவை சுரண்டிட்டுச் சும்மா இருந்துச்சு. நான் தோண்டுவேன்னு காத்துக்கிட்டு இருந்துச்சு." பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான். "எண்ணிக்கை மட்டும் பொய் இல்ல. வயித்த அறுத்தப்ப எண்ணினேன். நூத்திப் பதினேழுதான்."

அவனை அறைந்தேன். பாக்கு எச்சில் அவன் சட்டையிலிருந்த ஆமைப் படத்தின்மேல் சிவப்பாக வழிந்தது. இன்னொரு அறை விட்டேன். அவன் வாங்கிக்கொண்டு நின்றான்.

எங்கள் குலத்துக்குப் பெரியவர் தாய்மாமன் செல்வின். நான் ஏறிப் போனபோது வீட்டு வாசலில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்துச் சமையல் கொட்டகையில் நான்கைந்து பெண்கள் மரவள்ளி சீவிக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் அத்தனை கத்திகளும் நின்றன. அப்போதுதான் புரிந்தது. இவர்களுக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். பேரப்பிள்ளைகள் வந்தாச்சா என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். இத்தனை நாள் என்னை அந்த வெறும் மண்ணுக்குக் காவல் வைத்து வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

"ஊர்ல ஒருத்தருக்குக்கூடச் சொல்லத் தோணலையா?"

"சொன்னா நீ மனசு ஒடைஞ்சு போவேன்னுதாம்மா" என்றார் செல்வின். "உன்னச் சின்னப்படுத்தணும்னா செஞ்சோம்? இந்தக் கரையில உனக்கு நடந்த மாதிரி விருந்து என் அப்பனுக்கே நடக்கல. மூணு நாள் எங்க வீட்டுக்குப் பின்னாடி நெழல்ல வச்சு, தண்ணி ஊத்தி, பத்திரமாத்தான் பாத்துக்கிட்டோம்."

"வேற ஆமையே கெடைக்கலையா மாமா?"

"அதுதானே கைக்கு வந்துச்சு" என்றார். ரொம்ப நியாயமாகச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காத. நீயும்தானே ருசிச்சுத் தின்ன. பச்சைக் கொழுப்பு இருந்த துண்டாப் பாத்து உன் இலையில வச்சதே நான்தான். ரெண்டாந்தடவ நீயாக் கேட்டு வாங்கின."

நான் ஆமை வேட்டைக்காரன் மகள். அந்தக் கறி தின்று வளர்ந்த நாக்கு இது. இருபது வருஷம் தொடாவிட்டால் மட்டும் மறந்துவிடுமா? முதல் வாயிலேயே நாக்குக்குத் தெரிந்தது. நான்தான் அதை அதட்டினேன். சீ, என் ஜனங்கள் எனக்கு அப்படிச் செய்வார்களா, கப்பல் காற்றில் வாய் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, இலையை மறுபடி நீட்டினேன்.

வீட்டுக்குப் போய் நொண்டியின் படிவத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து செல்வினின் திண்ணையில் உட்கார்ந்தேன். ஹட்சன் கீழே படிக்கட்டோரம் நின்றான். அவன் எழுதியதை ஒரே கோட்டில் அடித்தேன்.

செல்வின் வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். "ஆபீசுக்கு அனுப்பப் போறியா? அனுப்பினா காவல் வேலையவே எடுத்துடுவாங்கம்மா. உன் தம்பி சட்டையக் கழட்டணும். நீயும்தான். உனக்குக் குடுத்த விருதையும் திருப்பிக் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"முட்டை பொரியலன்னு எழுதிட்டாப் போதுமே. பொய்யும் இல்ல."

படிவத்தின் அடியில் ஆமைக்கு என்ன ஆனது என்று எழுத ஓர் இடம் உண்டு. "விருந்தில் தின்றார்கள்" என்று எழுதினேன். தின்றவர்களின் பெயரை எழுத அதில் இடம் இல்லை. தாளைத் திருப்பினேன். பின்பக்கம் முழுக்க வெறுமையாக இருந்தது.

முதல் வரியில் என் பெயரை எழுதினேன். பக்கத்தில், இரண்டு முறை, என்று எழுதினேன். பிறகு பேனாவை ஹட்சனிடம் நீட்டினேன்.

"உன் கையெழுத்துதான் நல்லா இருக்கும். ஊர்ல ஒருத்தர் விடாம எழுதுடா" என்றேன். "நூத்திப் பதினேழு எண்ணத் தெரிஞ்சவன்தானே நீ."