கடலில் யாருமில்லை

"கடலில் யாருமில்லை" என்று லப்டொப் சொன்ன நேரத்தில் என் மனுசன் கிறிஸ்ரி கடலில்தான் இருந்தார். அது எனக்குத் தெரியாது. குசினிக்குள் அடுப்படியில் நின்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

திட்டாமல் என்ன செய்வது? விடிந்ததும் சோளகக் காற்று முறுக்கிக்கொண்டு எழும்பிவிட்டது. வேலித் தகரம் படபடவென்று அடித்தது. காற்றுக்குப் பயந்து வள்ளங்கள் எல்லாம் முந்தியே கரைக்கு ஓடி வந்துவிட்டன என்று பக்கத்து வீட்டுச் சுவேதினி மதில் தாண்டிச் சொல்லிவிட்டுப் போனாள். இந்த மனுசன் மட்டும் வீட்டு வாசலைக் காணவில்லை. அம்புறோஸ் அண்ணை வீட்டில் போய்க் குந்தியிருப்பார் என்று நினைத்தேன். அம்புறோஸ் அண்ணை புது வள்ளம் இறக்கியிருந்தார். அன்றுதான் அது முதல்முதல் தொழிலுக்குப் போன நாள். அந்தச் சந்தோசப் புளுகத்தில் ஒரு போத்தலாவது உடைபடும், இவர் அதை முடிக்காமல் எழும்ப மாட்டார். வரட்டும், இன்றைக்குச் சோறு போடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

"உன்ர அண்ணன் எங்க?" என்று ஜெனுஷாவைக் கேட்டேன்.

ஜெனுஷா இவருடைய தங்கச்சி. ஏ.எல். சோதனை எழுதிவிட்டு எங்களோடு இருந்து ஒன்லைனில் பைதன் படிக்கிறாள். கம்பியூட்டருக்கு விளங்குகிற பாஷையாம். முதலில் வந்த பாடங்களைப் பார்த்து நான் பண்ணாத நக்கல் இல்லை. ஓர் எண் ஒற்றையா இரட்டையா என்று கண்டுபிடி, ஒரு சொல்லைப் பின்னாலிருந்து முன்னால் எழுது, நட்சத்திரக் குறியை முக்கோணமாக அடுக்கு. நட்சத்திரத்தை அடுக்கி ஆருக்கடி என்ன பிரயோசனம் என்று கேட்டால் சிரிப்பாள். பிறகு ஒருநாள் ரோசம் வந்து, எங்கள் கரைக்கென்றே ஒன்றை எழுதினாள். மீனவர் சங்கத்து அருளப்பு அண்ணை கரையில் இருந்து, வெளிக்கிடுகிற வள்ளத்தின் பெயரை இவளுக்குப் போனில் அனுப்புவார். திரும்பி வந்தாலும் அனுப்புவார். இவள் அதை லப்டொப்பில் அடிப்பாள். இன்னும் யார் வெளியே நிற்கிறார்கள் என்று அது சொல்லிவிடும். பூசை முடிய பாதர் அதைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னார். நானும் மன்னார் பஸ் ஸ்ராண்டில் கண்டவர்களிடமெல்லாம் மச்சாளின் கெட்டித்தனத்தைப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அவள் லப்டொப்பை என் பக்கம் திருப்பினாள். "அண்ணா வந்திட்டார் மச்சாள். செபஸ்தியார் கரை எண்டு கிடக்குப் பாருங்கோ."

செபஸ்தியார் எங்கள் வள்ளத்தின் பெயர். பெயருக்கு நேரே கரை என்று பச்சை எழுத்தில் இருந்தது. கீழே, கடலில் யாருமில்லை. காற்று எழும்பியவுடன் சங்கத்தில் இருந்து கேட்டார்களாம், இவள் இதைச் சொன்னாளாம், அவர்கள் நேவிக் காம்புக்கும் எல்லோரும் வந்தாயிற்று என்று அறிவித்துவிட்டார்களாம். அருளப்பு அண்ணையும் வீட்டுக்குப் போய்விட்டார்.

பிறகென்ன, ஆளைக் கையும் மெய்யுமாகப் பிடிக்கலாம் என்று வெளிக்கிட்டேன். அம்புறோஸ் அண்ணை வீட்டு முற்றத்தில் வலை உதறிக்கொண்டிருந்தார். போத்தலும் இல்லை, இவரும் இல்லை. கிறிஸ்ரி தனக்கு முன்னமே வந்திருப்பான் என்றுதான் தான் நினைத்ததாகச் சொன்னார். அதைச் சொல்லும்போதே அவர் கை உதறுவதை நிறுத்திவிட்டது. இவரோடு கூடப்போகிற பெடியனுக்குக் காய்ச்சல். அன்று தனியாகத்தான் போயிருந்தார்.

கரைக்கு ஓடினேன். எங்கள் வள்ளம் நிற்கிற இடத்தில் கயிறு கட்டுகிற கட்டை மட்டும் நின்றது. காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கழுதை அந்த வெறுமைக்குள் நின்றது. பக்கத்தில் அம்புறோஸ் அண்ணையின் புது வள்ளம், பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. அதன் முன்பக்க அணியத்திலும் செபஸ்தியார் என்றே எழுதியிருந்தது. எனக்குத் தெரியாத விசயமா அது? முன்பு தன் மகனுக்குக் காய்ச்சல் கடுமையாகிக் கிடந்தபோது, பிழைத்தால் வள்ளத்துக்கு உம்முடைய பெயர் வைப்பேன் என்று அம்புறோஸ் அண்ணை செபஸ்தியாருக்கு நேர்ந்துகொண்டவர். நேர்த்திக்கு வைக்கிற பெயரை ஊரில் இன்னொருவர் வைத்திருக்கிறார் என்று யாரும் மாற்ற மாட்டார்கள். கிறிஸ்ரியின்ட செபஸ்தியார், அம்புறோஸின்ட செபஸ்தியார் என்று வாயால் சொன்னால் சரிதானே. போன ஞாயிறு பாதர் வந்து வள்ளத்தை மந்திரித்து ஆசீர்வதித்தார். கேக் வெட்டினார்கள். ஜெனுஷாதான் அணியத்துக்கு முன்னால் நின்று படமெடுத்தாள்.

எப்படி வீட்டுக்குத் திரும்பினேன் என்று தெரியாது. "கரையில ஒரு செபஸ்தியார்தான் நிக்கிறார்" என்றேன். "அது அம்புறோஸ் அண்ணையின்ட."

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. விக்கி விக்கிச் சொன்னாள். அவள் படித்த பாடத்தில் ஒரு பழக்கடை இருந்ததாம். பழத்தின் பெயரைச் சொன்னால் விலையைச் சொல்ல வேண்டும். கடையில் ஆப்பிள் என்று ஒன்றுதான் இருக்கும். திரும்ப ஆப்பிள் என்று அடித்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியது அதன் இடத்தில் குந்தும். பழத்தின் இடத்தில் இவள் வள்ளத்தின் பெயரை வைத்துவிட்டாள். விடிய முதல் அண்ணனின் செபஸ்தியார் போக ஒருதரம் கடல் என்று அடித்தாள். அம்புறோஸ் அண்ணையின் செபஸ்தியார் போக அதே பெயரைத் திரும்ப அடித்தாள். இரண்டும் ஒன்றாகிவிட்டன. அம்புறோஸ் அண்ணை வந்து சேர, அந்த ஒன்றும் கரைக்கு வந்துவிட்டது.

"நீ உன்ர அண்ணனை அழிச்சுப்போட்டாய்" என்றேன். என் வாயால்தான் சொன்னேன். அந்த லப்டொப்பைத் தூக்கிக் கிணற்றுக்குள் போடவேண்டும் போல இருந்தது. போட்டால் இவர் வந்துவிடுவாரா?

அதற்குப் பிறகு எல்லாமே ஓட்டம். அருளப்பு அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சங்கத்துக்கு ஓடினார், நேவிக்கு அறிவித்தார்கள், அவர்கள் படகு எடுக்கிறோம் என்றார்கள். ஆனால் காலையிலிருந்து அவ்வளவு நேரமும் யாரும் அவரைத் தேடவில்லை. என்ஜின் நின்றால் சோளகம் வள்ளத்தை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடக்கே போனால் இந்திய எல்லை. எல்லை தாண்டினால் பிடித்து மறியலில் அடைப்பார்கள், தாண்ட முதல் கவிழ்ந்தால் அதுவும் இல்லை. எது நடந்தால் நல்லது என்று யோசிக்கிற நிலைக்கு வந்துவிட்டேன். மாதாவே, அவர் மறியலிலாவது இருக்கட்டும் என்று மன்றாடினேன்.

அம்புறோஸ் அண்ணை யாரையும் கேட்கவில்லை. புது வள்ளத்தைத் தள்ளினார். அவருடைய மனுசி அருளம்மா வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்து, என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். வள்ளம் அலையில் ஏறி விழுந்து ஏறிப் போனது. அருளம்மா என் கையைப் பிடித்தாள். ஆறுதலுக்குப் பிடித்தாளா, கோபத்தில் பிடித்தாளா, எனக்கு நொந்தது.

ஜெனுஷா கரையிலிருந்த மீன்வாடிக் கொட்டிலுக்குள் மணலில் இருந்து லப்டொப்பில் தட்டிக்கொண்டிருந்தாள். இப்ப என்னத்துக்கடி இது என்று கத்தப் போனேன். அவள் விரல்கள் பிழையான எழுத்தில் விழுந்தன. அழித்து அழித்து அடித்தாள். பெயரை விட்டுவிட்டு வள்ளத்தின் பதிவு இலக்கத்தைப் பிடித்திருந்தாள். அதைத்தான் முதலிலேயே பிடித்திருக்க வேண்டும். கடைசியில் அது சொன்னது. கடலில் இரண்டு. செபஸ்தியார், கிறிஸ்ரி. செபஸ்தியார், அம்புறோஸ். இவருடைய பெயரை அங்கே கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இல்லை என்று சொன்னதை விடக் கடலில் என்று சொன்னது பரவாயில்லை. வாடிக்குள் இருந்த பெண்கள் செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். நானும் சொன்னேன், ஒரு மந்திரமும் ஒழுங்காக வரவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது அருளப்பு அண்ணை கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தார்.

"செபஸ்தியார் வருகுது" என்றார்.

"எந்தச் செபஸ்தியார்?"

நான் கேட்டேன். அதே நேரத்தில் அருளம்மாவும் கேட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. தெரிந்தது ஒரு வள்ளம்தான். எங்களுடையதும் நீலம், அவர்களுடையதும் நீலம். என்னுடையவராக இருக்கட்டும் என்று நெஞ்சு அடித்தது. அப்படி அடித்தது அருளம்மாவுக்குக் கேட்டிருக்கும், அவளுடையதும் எனக்குக் கேட்டதுதானே.

அலை தாழ்ந்தபோது, அந்த வள்ளத்துக்குப் பின்னால் இறுகி நின்ற கயிறு தெரிந்தது. கயிற்றின் நுனியில் தண்ணீரோடு தண்ணீராக இன்னொரு வள்ளம். அதற்குள் ஒருவர் குனிந்து குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

நான் இடுப்பளவு தண்ணீரில் போய் அவர் முகத்தைப் பிடித்தேன். உதடெல்லாம் வெடித்து உப்புப் பூத்திருந்தது. என்ஜின் நின்றுவிட்டதாம். அம்புறோஸ் அண்ணை காணும்போது நங்கூரமும் அறுந்து, வள்ளம் அள்ளுண்டு போய்க்கொண்டிருந்ததாம். மேலே கொண்டுவந்து இருத்தித் தண்ணி பருக்கினோம். ஜெனுஷா கிட்டே வரப் பயந்து லப்டொப்போடு தள்ளி நின்றாள். அவளைக் கண்டதும் இவர் சிரிக்கப் பார்த்தார்.

"எல்லாரும் கரைக்குத் திரும்பினதைக் கண்டனான்" என்றார். "எனக்குப் பயமில்லை. தங்கச்சியின்ட கணக்கில நான் நிப்பன்தானே, தேடி வருவினம் எண்டு இருந்தனான்."

அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. ஜெனுஷா என்னிடம் வந்து லப்டொப்பை நீட்டினாள். அம்புறோஸ் அண்ணையைக் கரை என்று அடித்துவிட்டாள். மற்றது அப்படியே நின்றது. கடலில் ஒன்று. செபஸ்தியார், கிறிஸ்ரி.

"நீங்களே அடியுங்கோ மச்சாள். எனக்குப் பயமாக் கிடக்கு."

அதுவரை அந்தச் சாமானைத் தொட்டுப் பார்க்காதவள் நான். அவள் காட்டிய இடத்தில் ஈர விரலால் அழுத்தினேன். கடலில் யாருமில்லை என்று வந்தது. அதை வாசித்துவிட்டுத் திரும்பி, அவர் இருக்கிறாரா என்று பார்த்தேன்.