மாமனார் போர்த்திய கம்பளி

"சூடே வரல மாப்பிள்ளை. பெரிய மாப்பிள்ளையை வரச் சொல்லிட்டேன். உங்க பெட்டியைக் கழட்டிட்டு ஹீட்டர் மாட்டப்போறார்."

மாமனாரின் போன் வந்ததும், வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பெட்டியை அங்கே மாட்டிக்கொடுத்த மெக்கானிக்குக்குப் பாதி உயிர் போயிற்று. பெரிய மாப்பிள்ளையான அவன் சகலை ஹீட்டர் கடைக்காரர். மாமனார் வீட்டிலேயே பெட்டி தோற்றால், வேறு யார் அவனை நம்பிக் கூப்பிடுவார்கள்?

அவன் போய்ச் சேர்ந்தபோது சகலை ஸ்பேனரோடு தயாராக நின்றார். ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டராக, மாமனார் தலையணை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஒரு யூனிட் கரண்டுக்கு மூணு யூனிட் சூடுன்னீங்களே? நாப்பது வருஷம் பாய்லர் ஓட்டினவனுக்கே காது குத்துறீங்களா?"

"அது சூட்டை உண்டாக்கல மாமா, சுமந்துட்டு வருது. வெளிக்காத்துல ரெண்டு யூனிட் அள்ளி, கரண்டோட ஒண்ணையும் சேர்த்து உள்ள கொட்டும். வெயில் காலத்துல உள்ள இருக்கற சூட்டை வெளில கொட்டும்."

"இந்தக் குளிர்ல வெளில ஏது சூடு?" சகலை சிரித்தார்.

"ஃப்ரிட்ஜ் பின்னாடி கை வெச்சுப் பாருங்க சகல. உள்ள சில்லுனு இருக்கற சாமான்லேர்ந்து உருவின சூடுதான் அங்க வருது."

சொல்லிக்கொண்டே கொல்லைக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். வெளிப்பெட்டியைச் சுற்றிக் கனத்த கம்பளி. மேலே கயிறு, அழகான முடிச்சு.

"நான்தான்," என்றார் மாமனார், பெருமையாக. "எங்க பாய்லருக்கெல்லாம் இப்படித்தான் சுத்துவோம், சூடு வீணாகாம. அதுவுமில்லாம பாவம், நடுங்கிட்டே இருந்துச்சு."

"மோட்டார் ஓடுற அதிர்வு மாமா அது! மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிட்டீங்களே. சூட்டை உருவிட்டு விட்ட காத்தையே மறுபடி உருவுது. சக்கையில எத்தனை தடவை சாறு வரும்?"

கம்பளியை அவிழ்த்தான். உள்ளே படிந்திருந்த பனியைப் பெட்டி தானே உருக்கிக்கொண்டு, பெருமூச்சு விட்டு ஓடத் தொடங்கியது.

"பார்க்கலாம், பார்க்கலாம்," என்று சகலை அதன் முன்னாலேயே கைகட்டி நின்றார். சூட்டைப் பறிகொடுத்த காற்று நேரே அவர் முகத்தில் அடித்தது. அரை மணி நேரம் அசையவில்லை, மானப் பிரச்சினை.

மாமனார் வெளியே வந்தார். உடம்பில் ஒரு ஸ்வெட்டர்கூட இல்லை, நெற்றியில் வியர்வை. பல் தந்தியடிக்க நின்ற பெரிய மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"பாவம், இது நிஜமாவே நடுங்குது," என்று கம்பளியை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டு, கயிற்றையும் தேடினார்.