தெருவைப் பார்த்த செருப்பு

...ஆனால் வண்டியே இல்லாத தெருவில் எதற்கு நிற்கிறார்கள், அதுதான் மஹாலட்சுமிக்குப் பிடிபடவில்லை, இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, ஒரு சைக்கிள்கூட இல்லை, எட்டி நாலு எட்டு வைத்தால் எதிர்ப்பக்கம், ஆனாலும் கோட்டும் பையுமாக ஒரு பெருங்கூட்டம் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நிற்கிறது... அவள் பழக்கதோஷத்தில் ஒரு கையை நீட்டிக்கொண்டு இறங்கியே விட்டாள், தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டையே அப்படிக் கையைக் காட்டித்தானே கடக்கிறாள், பஸ்ஸே நின்றிருக்கிறது, இங்கே யாருக்குக் கையைக் காட்டுவது? "ஆன்ட்டி, மேல வாங்க, பச்சை விழட்டும்" என்று ஓவியா ஓடிவந்து தோளைப் பிடித்தாள். ஓவியா பம்மல் பெண், படிக்க வந்த இடத்திலேயே வேலையும் பார்க்கிறாள், லீவு நாளில் மஞ்சள் கொடியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மாக்களுக்கு ஜப்பானின் இந்த ஷின்ஜுகுவைத் தமிழிலேயே சுற்றிக்காட்டுகிறாள். ஹரிதான் பேர் கொடுத்து அனுப்பினான், போய்ட்டு வாம்மா, நல்லா இருக்கும், எனக்கு இன்னிக்கும் ஆபீஸ். கூட்டிப்போய்க் காட்ட மகனுக்கு நேரமில்லை, காட்டுவதற்கு ஆள் வைத்திருக்கிறான்... சேச்சே, அப்படி நினைக்கக்கூடாது, பிள்ளை ராத்திரி வந்து ரசம் வேறு வைத்தானே.

பச்சை விழுந்ததும் நாலு பக்கமிருந்தும் ஜனம் கொட்டியது, ஒருத்தர் மேல் ஒருத்தர் இடிக்கவில்லை, அது எப்படி? ரங்கநாதன் தெருவில் இதில் பாதிக் கூட்டத்துக்கே முழங்கை பேசும். கட்டிட உச்சியில் ஒரு பூனை, டிவிக்குள் இருக்கிற பூனைதான், ஆனால் தலையை வெளியே நீட்டி அவளையே பார்த்தது, கூட வந்திருந்த குரோம்பேட்டை சாம்பசிவன் சார் செல்போனைத் தூக்கி அதற்கு வணக்கம் சொல்லவைக்கப் பார்த்தார். கண்ணாடிக்குள் சோறு, குழம்பு, பொரித்த மீன், எல்லாம் பிளாஸ்டிக்காம், தொட்டுப் பார்க்கலாமா என்று விரல் துறுதுறுத்தது. தெருவில் குப்பைத்தொட்டியே இல்லை, குப்பையும் இல்லை, அப்படியென்றால் குப்பை எங்கே போகிறது? "அவங்கவங்க பையிலதான் ஆன்ட்டி" என்றாள் ஓவியா. இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்... சொன்னால் கேட்கிற மனுஷனா அவர், அவருக்கு வேண்டியது ஒரே பதில். அவன் திரும்பி வரானா இல்லியா, அதைக் கேட்டுகினு வா, மத்ததெல்லாம் அப்பால. ஹரி வருவதாக இருந்தால் முடிச்சூர் வீட்டின் முன்பக்கத்து மனையில் அவனுக்கு வீடு, வரமாட்டான் என்றால் அந்த மனையைப் பில்டருக்குக் கொடுத்துவிடலாம், ஃபிளாட் ஏறிவிடும். நாளைக்கு அவளுக்கு விமானம். வந்த நாளிலிருந்து கேள்வி வாய் வரைக்கும் வருகிறது, ஹரி இன்னும் கொஞ்சம் சாதம் போடவா என்கிறான், அது உள்ளே போய்விடுகிறது. ஏன் பயம், பெற்ற பிள்ளையிடம்? வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

இரண்டு உயரக் கட்டிடங்களுக்கு நடுவே, யாரோ மறந்துவிட்டுப் போன மாதிரி ஒரு கோயில் இருந்தது. சிவப்புக் கதவு, மணிக்கயிறு, கல்லில் நரி. மஹாலட்சுமியின் கால் தானாகச் செருப்பைக் கழற்றியது, அதுவும் தெரிந்த விதத்தில், ஒன்றை இடது தூண் ஓரம், மற்றொன்றை எட்டத்தில் கூல்டிரிங்க் மெஷின் பக்கம், அம்மன் கோயிலில் அப்படித்தானே, ஜோடியாக விட்டால் திரும்பி வரும்போது வெறுங்கால்தான். "இங்க கழட்ட வேணாம் ஆன்ட்டி" என்று ஓவியா சொல்லும்போது அவள் சாக்ஸோடு பாதி தூரம் போயாயிற்று. மணியடித்தாள், கும்பிட்டாள், நரிக்கு என்ன வேண்டுதல் வைப்பது என்று தெரியாமல் ஹரி, ஹரி என்று மட்டும் சொன்னாள். திரும்பி வந்தால்... தூண் ஓரத்தில் இல்லை. மெஷின் பக்கமும் இல்லை. இந்த ஊரிலுமா? பிறகுதான் பார்த்தாள், வாசற்படியின் நடுவில் இரண்டும் சேர்ந்து, ஒட்டி, தெருவைப் பார்த்தபடி இருந்தன. பக்கத்துக் கடைப் பெண்மணி துடைப்பத்தோடு தலையைக் குனிந்து சிரித்தாள். பிரிந்துபோனதைத் தேடிச் சேர்த்திருக்கிறாள் பாவம், வேண்டுமென்றே பிரித்ததென்று அவளுக்கு எப்படித் தெரியும்? சாம்பசிவன் சாருக்குச் சிரிப்பு தாளவில்லை. மஹாலட்சுமிக்கும்தான்.

"சேத்து வெச்சாங்க, சரி, எதுக்குத் திருப்பி வெச்சாங்க?"

"அது இங்க பழக்கம் ஆன்ட்டி. யார் வூட்டுக்காச்சும் விருந்தாளியா போனா, கழட்டினதும் நம்மளுத மட்டும் திருப்பி வெளிய பாத்து வெச்சிரணும், அதான் மரியாதை. நம்ம வூடுன்னா அங்க கீற எல்லாருதையும் நாமளே திருப்பி வெச்சிருவோம். வந்தவங்க கெளம்பசொல்ல குனிஞ்சு தேட வேணாம்ல?"

காலை நுழைத்தாள், சுலபமாக நுழைந்தது, அந்தச் சுலபத்தில்தான் சுருக்கென்றது. ஹரி வீட்டு வாசலில் தினமும் காலையில் இந்தச் செருப்பு இப்படித்தான் இருக்கும், பெருக்கும்போது நகர்ந்திருக்கும் என்று நினைத்திருந்தாள். அவன்தான் திருப்பியிருக்கிறான். அப்படியானால் அது அவன் வீடு, அவள் வந்தவள், கிளம்பப் போகிறவள்... இரு, இரு, பொங்கலுக்கு வந்தானே, முடிச்சூரில் அவன் ஷூ கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றது, அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஏன்டா, வந்ததும் வராததுமா கிளம்ப ரெடியா நிக்கிறியா என்று எல்லார் எதிரிலும் கேட்டாள், அவன் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். விருந்தாளியாகத் திருப்பினானா, வீட்டுக்காரனாகவா? எல்லாருதையும் திருப்பியிருந்தால் முடிச்சூர் இன்னும் அவன் வீடு. அவனுடையதை மட்டும் என்றால்?

கொடி முன்னால் போய்க்கொண்டிருந்தது, அவள் நடந்தபடியே ஊரில் வீட்டுக்காரரை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள்.

"கேட்டியா? இன்னா சொன்றான்?" லோகநாதன் எடுத்த எடுப்பில் கேட்டார்.

"இன்னும் கேக்கல. நீங்க ஒண்ணு சொல்லுங்க. பொங்கலுக்கு ஹரி வந்தான்ல, வாசல்ல அவன் ஷூவைத் திருப்பி வெச்சிருந்தான்ல, அன்னிக்கு உங்க செருப்பு எந்தப் பக்கம் பாத்துகினு இருந்துச்சு?"

"செருப்பா? பில்டரு போன் மேல போன் போட்டுகினு கீறான், நீ செருப்பைக் கேக்குற?"

"யோசிச்சுச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் வாசற்கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. யோசித்தார் போலிருக்கிறது, பாவம்.

"அதெல்லாம் யாரு பாத்தா" என்றார்.

யாரும் பார்க்கவில்லை. அவள்கூடத்தான்... அந்த வாசலை மறுபடி மறுபடி கண்ணுக்குள் கொண்டுவந்தாள், அவனுடைய கறுப்பு ஷூ வருகிறது, வெள்ளை லேஸ்கூட வருகிறது, அதற்குப் பக்கத்தில் அவளுடைய செருப்பு கிடந்திருக்க வேண்டும், நிச்சயம் கிடந்தது, ஆனால் அது உள்ளே பார்த்ததா வெளியே பார்த்ததா என்று மட்டும் தெரியவில்லை, அன்றைக்கு அவள் கோபத்தில் அவனுடையதை மட்டும்தான் பார்த்தாள்.