காலி வண்டி

உட்காரச் சொன்ன நாற்காலி வெள்ளைவெளேரென்று இருந்ததால் அவள் உட்காரவில்லை. காக்கிச் சட்டையில் எங்காவது கிரீஸ் இருந்து தொலைத்தால் அதற்கும் ஒரு பேச்சு கேட்க வேண்டியிருக்கும். ஷோரூமுக்கும் சர்வீஸ் பட்டறைக்கும் நடுவில் இருந்த கண்ணாடிச் சுவரோரம் நின்று, உள்ளே தன் பிக்கப் வண்டியை யாராவது தொடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். புது வண்டிகளுக்கு நடுவே அது கூனிக்கொண்டு நின்றது. காலையில் விட்டது, மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது.

கேன் தண்ணீர் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் டிரைவரக்கா. வண்டி முதலாளியுடையது. அவள் ஓட்டுவாள்; அவள் புருஷன் தோளில் கேனைத் தூக்கி மாடி மாடியாக ஏற்றுவான். இருவர் சம்பளமும் சேர்ந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

முந்தாநாள் முழு லோடோடு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் திரும்பும்போது ஸ்டீயரிங் பாதியில் பிடித்துக்கொண்டது. உடம்பையே போட்டு இழுத்தும் அசையவில்லை. வண்டி நேராகப் போய்ச் சுற்றுச்சுவரை இடித்துத் தள்ளியது. சுவரோரம் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் துள்ளி விலகியதால் உயிர் தப்பினார். அந்த மனிதரின் முகம் அதன்பிறகு அவளைத் தூங்கவிடவில்லை. பாரம் ஏற்றினால் ஸ்டீயரிங் பிடிக்கிறது, பிடிக்கிறது என்று அவள் முதலாளியிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! பார்க்கலாம், பார்க்கலாம் என்றே நாளைக் கடத்திவிட்டார். சுவர் விழுந்த பிறகுதான் அவருக்குக் காது கேட்டது.

"ஷோரூம்லயே காட்டு. கோளாறுன்னு எழுதி வாங்கிட்டு வா. வண்டி மேல தப்புன்னா செவுத்துக்கு நான் ஆச்சு. இல்லன்னா ஓட்டுனவ மேலதான்."

நேற்று சாயங்காலம் அவள் புருஷன் வண்டியிலிருந்த கேன்களையெல்லாம் இறக்கினான். குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு, டயர் வரைக்கும் தேய்த்தான்.

"என்னங்க, வண்டிக்குக் கல்யாணமா?" என்று அவள் சிரித்தாள்.

"பெரிய இடத்துக்குப் போகுது. அழுக்கும் பாரமுமா கொண்டுபோய் நிறுத்தினா மதிப்பானா? உள்ளயே விடமாட்டான்."

அதுவும் சரிதான் என்று அவளும் ஒரு பழைய துணியை எடுத்து டேஷ்போர்டைத் துடைத்தாள்.

டை கட்டிய சர்வீஸ் ஆள் கையில் டேப்லெட்டோடு வந்தான். வாய் நிறையச் சிரிப்பு.

"மேடம், உங்க வண்டி சூப்பரா இருக்கு. ஓட்டிப் பார்த்தாச்சு. ஸ்டீயரிங்ல கோளாறு எதுவும் இல்ல."

"எங்க ஓட்டிப் பார்த்தீங்க?"

"பின்னாடி நம்ம யார்டுலதான்."

"காலி வண்டியையா?"

"ஆமா மேடம்."

அவளுக்குப் பகீரென்றது. காலி வண்டி குழந்தை தள்ளினாலும் திரும்பும். பாரத்தோடு கொண்டுவந்திருக்க வேண்டிய வண்டியைக் காலியாக்கிக் கழுவி, அலங்கரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோமே! இரண்டு பேருக்கும் புத்தி எங்கே போயிற்று?

"காலியா ஓட்டினா தெரியாதுங்க. பாரம் ஏறினாத்தான் பிடிக்குது. காலையிலயே அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேனே?"

"ரிசப்ஷன்ல சொல்றதெல்லாம் எங்களுக்கு வராது மேடம்."

"சரி, இப்போ சொல்றேன். ஒரு போன் போட்டா எங்க வீட்டுக்காரர் வேற வண்டியில கேனைக் கொண்டுவந்துடுவாரு. ஏத்திக்கிட்டு ஒரே ஒரு திருப்பம் ஓட்டிப் பாருங்க. போதும்."

"லோடு வண்டியை உள்ள எடுக்க மாட்டோம் மேடம். ரூல்ஸ்."

"லோடு வண்டியைத்தானே நீங்க விக்கிறீங்க?"

அவன் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "இது ரொம்பப் பழைய மாடல். பார்ட்ஸே வர்றதில்ல. உங்க ஓனரை வரச் சொல்லுங்க, எக்ஸ்சேஞ்ச்ல நல்ல ஆஃபர் இருக்கு."

"எனக்கு ஆஃபர் வேணாம். அன்னைக்கு ஒரு மனுஷன் செத்திருப்பாரு! பாரம் ஏத்திப் பார்க்கலன்னு பேப்பர்ல எழுதிக் குடுங்க. அது உண்மைதானே?"

"சிஸ்டத்துல அப்படி எழுத முடியாது. கோளாறு இருக்கு, கோளாறு இல்ல, ரெண்டுதான் வரும்."

"அப்போ பேனாவை எடுத்து எழுதுங்க. கை இல்லையா உங்களுக்கு?"

குரல் ஏறிவிட்டது. வெள்ளை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். எங்கிருந்தோ செக்யூரிட்டி வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டான். சத்தம் போடாதீங்க மேடம், சத்தம் போடாதீங்க மேடம் என்று டை கட்டியவன் இரண்டு கையையும் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினான். அந்த மேடம் என்ற சொல்லைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே வண்டியைக் கொண்டுவந்து விட்ட மெக்கானிக் சாவியைக் கொடுத்துவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தார். "பாரம் ஏறினா பிடிக்கும்னுதாம்மா எனக்கும் தோணுது. கீழ சேசிஸ் சட்டம் தொய்ஞ்சிருக்கு."

"அதை உள்ள போய்ச் சொல்லுங்கண்ணே. எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

"நான் சொல்லி யாரு கேக்குறா?" என்று கையைத் துடைத்துக்கொண்டே அவர் உள்ளே போய்விட்டார்.

அவள் கம்பெனிக்குத் திரும்பியதும், ஷோரூமில் கொடுத்த பேப்பரை முதலாளி வாங்கிப் படித்தார். முழுதாகப் படிக்கவில்லை, கடைசி வரியை மட்டும் படித்தார்.

"கோளாறு இல்லன்னு போட்டிருக்கானே."

"காலி வண்டியை ஓட்டிட்டு எழுதியிருக்கான் சார். இப்பவே கேன் ஏத்துங்க, நீங்களே வந்து பக்கத்துல உக்காருங்க. பிடிக்கலன்னா என்னை என்னன்னு கேளுங்க."

"ஷோரூம்காரனைவிட உனக்கு ஜாஸ்தி தெரியுமா?"

"ஓட்டுறவ நான் சார்! என் கையில பிடிச்சது எனக்குத் தெரியாதா?"

"கத்தாத. செவுத்துக்காரன் தலையில ஏறி உக்காந்திருக்கான். உன் சம்பளத்துல பிடிச்சுக்குறேன். இனிமே நீ வண்டியைத் தொட வேணாம். ஒல்லி ஓட்டட்டும்."

ஒல்லி மினிபஸ் வேலை போய் வாசலில் காத்துக்கிடந்தவன். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான். அவள் சாவியை மேஜைமேல் எறிந்தாள். அது வழுக்கிக் கீழே விழ, அவன் குனிந்து எடுத்துக்கொண்டான்.

"ஒல்லி, சொல்றதைக் கேளு. லோடோட திருப்பாத. பாதியில பிடிச்சுக்கும்."

"பேப்பர்ல இல்லன்னு போட்டிருக்கேக்கா. எனக்கும் வீட்டுல புள்ளைங்க இருக்கு."

கேன்கள் ஏறின. ஏற்றியது அவள் புருஷன்தான். அவனுக்கு இன்னும் வேலை இருந்தது. கடைசிக் கேனை வைத்துவிட்டு, டெயில்கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டு, கேன்களின் மேலேயே ஏறினான்.

அவள் ஓடிப்போய் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். "இறங்குங்க. வேணாம். நீங்க போகாதீங்க."

"நானும் போகலன்னா என்ன பண்றது, சொல்லு?"

அவன் காலை விடுவித்துக்கொண்டான். அவளுக்கு யாரைத் திட்டுவது, எதை எடுத்து அடிப்பது என்றே தெரியவில்லை. உள்ளே முதலாளி போனில் யாரிடமோ, வண்டி கண்டிஷனா இருக்கு சார், ஷோரூம் பேப்பரே இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டி கிளம்பியது. வாசலைத் தாண்டி ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் ஒல்லியின் இரண்டு முழங்கைகளும் ஜன்னல் விளிம்புக்கு மேலே ஏறுவதை அவள் பார்த்தாள். ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டுகிறான். எதிரே வந்த லாரி ஹாரனை அலறவிட்டது.

"நிறுத்து! ஒல்லி, நிறுத்துடா!" என்று கத்திக்கொண்டே அவள் ஓடினாள்.

லாரி ஒதுங்கிப் போனது. ஸ்டீயரிங் எப்படியோ விட்டுக்கொடுக்க, வண்டி ஒரு குலுக்கலோடு திரும்பி, மெயின் ரோட்டு நெரிசலுக்குள் வேகம் எடுத்தது. கேன்களின்மேல் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவள் கத்தியது காதில் விழாமல், போய்ட்டு வர்றேன் என்று மறுகையை ஆட்டினான்.