தூரே அடைத்த துளைகள்

1

இந்தக் கதையைக் கோபத்தில்தான் தொடங்கினேன். கோழி வளர்ப்போர் சங்கக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, பனிக்காலணியைக்கூடக் கழற்றாமல் எழுதிய முதல் வாக்கியம்: "நல்லெண்ணம் என்ற பெயரில் இழைக்கப்படும்..." அடித்துவிட்டேன். மேடைப் பேச்சு வாடை.

இரண்டாவது: "யெம்ட்லாந்தில் வெண்பனி பொழிந்த ஒரு காலைப் பொழுதில்..." பனி வேறென்ன நிறத்தில் பொழியும்? அதுவும் போயிற்று.

ஆகவே எங்கள் யெம்ட்லாந்துப் பனி ஊரில் நடந்ததையே சொல்கிறேன். ஹில்டூர் முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். தலையில் வெள்ளைப் பூப்பந்து வைத்தாற்போல் இறகு சிலிர்த்து நிற்கும் கறுப்புக் கோழிகள் ஒன்பதும் ஒரு சேவலும் வளர்த்தாள். (அழகுக்கு வளர்ப்பவை. எத்தனை முட்டை இடும் என்று கேட்காதீர்கள். அவளுக்குக் கோபம் வரும்.) காய்ந்த கோழி குளிரைத் தாங்கும், நனைந்த கோழி தாங்காது என்பது அவள் கண்டறிந்த பாடம். மூச்சின் ஈரம் வெளியேறக் கூரையை ஒட்டி ஆறு துளைகள் விட்டிருந்தாள். தலை இறகு நனையாதபடி குறுகிய வாயுள்ள தண்ணீர்க் குவளை. கால்விரல்களை இறகால் மூடிக்கொண்டு உட்காரத் தட்டையான கட்டை. தரையில் காய்ந்த மரச்சீவல். மைனஸ் முப்பதிலும் ஒரு கோழி தும்மியதில்லை.

2

ஜனவரியில் அவளுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. பன்னிரண்டு நாள் கோழிகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர் தூரே. கோழி வளர்ப்போர் சங்கத்துக்குப் பதினேழு வருடமாக அவர்தான் தலைவர். துளைகளைப் பார்த்தார், பதறினார், ஆறையும் காய்ந்தால் இறுகிவிடும் நுரையைப் பீய்ச்சி அடைத்தார். ஒரு சிவப்புச் சூட்டு விளக்கையும் தொங்கவிட்டார்.

[இங்கே தூரேயின் தனிமை, இறந்துபோன மனைவி என்று ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அவருக்குப் பரிந்து பேச ஊரே இருக்கிறது.]

கொட்டில் வியர்த்தது. கூரையிலிருந்து சொட்டிய நீர் கோழிகளின் தலை இறகுகளை ஊற வைத்தது. பத்தாம் நாள் மின்சாரம் போயிற்று; விளக்கு அணைந்தது. ஹில்டூர் ஊன்றுகோலோடு வந்து கதவைத் திறந்தபோது நான்கு கோழிகள் செத்துக் கிடந்தன. பனிக்கட்டியான இறகு கண்களை மூடிவிட, தீனி எங்கே என்று தெரியாமலே செத்திருந்தன. சேவலின் தாடைக்குக் கீழே தொங்கும் சதை குளிரில் உறைந்து கறுத்துப் போயிருந்தது.

"யோவ் தூரே, என்னய்யா பண்ணி வச்சிருக்கே?" என்று தொலைபேசியில் கத்தினாள்.

"கரண்ட் போனதுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்? பாவம், குளுருமேன்னுதான் அடைச்சேன்."

"உன்னைப் பாவம் பாக்கச் சொல்லி யாரு கேட்டா? தண்ணி வை, தீனி போடுன்னுதானே சொன்னேன்!"

3

முதல் வரைவில் ஹில்டூர் இந்த இடத்தில் அழுதாள். அவளிடம் படித்துக் காட்டினேன்.

"நான் எப்ப அழுதேன்?"

"கதைக்காக..."

"கதைக்காக நீ அழு. நான் ஒரு கையில ஊன்றுகோலும் இன்னொரு கையில ஸ்க்ரூடிரைவருமா நுரையைக் குத்தித் தள்ளிட்டிருந்தேன். அதை எழுது."

எழுதிவிட்டேன்.

4

பிப்ரவரிக் கூட்டத்தில், புதிதாகக் கோழி வளர்ப்பவர்களுக்காகத் தூரே ஒரு துண்டறிக்கை கொண்டுவந்தார். முதல் வரியே "துளைகளை அடையுங்கள்". ஹில்டூர் கூடையிலிருந்து சேவலை எடுத்து, காபிக்கும் ஏலக்காய் ரொட்டிக்கும் நடுவே நிறுத்தினாள்.

"சாப்பிடுற மேசைம்மா இது," என்றார் தூரே.

"தெரியும். அதான் இங்க வச்சேன். அதோட தாடைச் சதையைப் பாத்துட்டு உன் காகிதத்தைப் படி."

பிறகு ஒருவர், இதை வசந்தத்தில் பேசிக்கொள்ளலாம், அதுவரை அறிக்கை அப்படியே போகட்டும் என்றார். வசந்தத்தில்! பனி உருகிய பிறகு! சம்மதம் என்று கைகள் உயர்ந்தன.

[உயர்ந்த கைகளில் ஒன்று என்னுடையது. மூன்று வரைவுகளில் இந்த வரியை ஒளித்து வைத்திருந்தேன்.]

5

மறுநாள் ஹில்டூர் துளைபோடக் கிளம்பி, அறிக்கை வாங்கிப்போனவர்களின் வீடு வீடாகப் போனாள். துளைபோடும் இயந்திரத்தைச் சுமந்து நானும் போனேன். முதல் நான்கு வீட்டாரும் சம்மதித்தார்கள். ஐந்தாவது தூரேயின் வீடு; அவருடைய கொட்டிலிலும் துளைகள் அடைபட்டிருந்தன.

முடிவு ஒன்று: தூரே மன்னிப்புக் கேட்கிறார். (பொய். அந்தச் சொல் அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை.)

முடிவு இரண்டு: ஹில்டூர் அவரைத் தள்ளிவிட்டுத் துளை போடுகிறாள். (இதைப் படித்துவிட்டுத் தாளைக் கசக்கி என் மேல் எறிந்தாள்.)

நடந்தது இவ்வளவுதான்.

"உள்ளே ஒரு கோழி கர்கர்னு மூச்சு விடுது. கேக்குதா தூரே?"

"கேக்குது."

"துளை போடட்டுமா? வாயைத் திறந்து சொல்லு. கேக்காம கைவைக்க நான் உன்னை மாதிரி ஆளில்லை."

தூரே கொட்டில் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நின்றார்.

அவருக்கு ஒரு நல்ல பதில் எழுதித்தர எனக்கு மனமில்லை. அவரைப் பிடித்தவர்கள் உங்களில் இருந்தால் எழுதிக் கொடுங்கள். நிதானமாக யோசிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்: வெளியே மைனஸ் இருபத்தாறு, உள்ளே சுவரெல்லாம் ஈரம்.