எள் ஏற்றிய நிலக்கரிப் பெட்டி

கருவடிக்குப்பம் மண்டபத்தில் குட்டி ரயில் செய்கிறவர்கள் கூடியிருந்தார்கள். அவரவர் செய்த கூட்ஸ் பெட்டிகளைக் கோத்து ஒரே ரயிலாக ஓட்டுவார்கள். வளைவில் தடம் புரளும் பெட்டிக்கு மட்டும் அதில் இடமில்லை. செம்மல் முதன்முதலாகச் செய்த நிலக்கரிப் பெட்டி, கனமில்லாமல், ஓட்டிப் பார்த்த இரண்டு முறையும் குப்புற விழுந்தது. செம்மலின் முகம் தொங்கிப்போனது.

அவன் மனைவி தீபலட்சுமி பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, கறுப்பு எள்ளைப் பெட்டி நிறையக் கொட்டினாள்.

"அடியேய், சனி பகவானுக்கு வாங்கினதாச்சே!"

"அதான் கொட்டறேன். சனி புடிச்சா லேசுல வுடுமா? தண்டவாளத்த இறுக்கிப் புடிச்சுக்கும் பாருங்க."

ரயில் கிளம்பியது. வளைவில் எள்ளுப் பெட்டி ஆடியது, சாய்ந்தது, விழாமல் திரும்பிவிட்டது. "புடிச்சிக்கிச்சு!" என்று செம்மல் குதித்த குதியில் மண்டபமே சிரித்தது.

காலையிலேயே பெட்டி தடம் புரண்டதால் ஒதுங்கியிருந்த கலைவாணன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"அண்ணி, என்னுதுலயும் ஒரு புடி சனி போடுங்க!"